கேள்வி பதில்: ஆட்டுக் கொட்டிலில் ஒரு சிரிப்பு நடிகர்

கே: போன இதழில் நீங்கள் சொன்ன 'ராம்ஸ்' என்ற ஐஸ்லாந்து படத்தைப் பார்த்தேன். தம்பி கும்மியாக வருகிறவர் நிஜமாகவே ஆடு வளர்ப்பவரா? நடிகர் என்று நம்ப முடியவில்லை.
(வாசகி, காரைக்குடி)

ப: நடிகரேதான். பெயர் சிகுர்துர் சிகுர்யோன்சன். 1955இல் பிறந்தவர். கும்மியாக நடித்தபோது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். சொந்த நாட்டில் அவர் முகத்தைத் தெரியாதவர்கள் அபூர்வம். ஆனால் அங்கே அந்த முகத்தைப் பார்த்தாலே ஜனங்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். பல பத்தாண்டுகளாக அவர் அவர்களுடைய சிரிப்பு நடிகர்.

உங்களுக்கு அவர் ஆட்டுக்காரராகவே தெரிந்ததற்குக் காரணம் அவருடைய கைகள் என்பது என் எண்ணம். கிடாப் போட்டிக் காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். நடுவர்கள் ஒவ்வொரு கிடாவின் முதுகையும் விரலால் அழுத்தி சதைப்பிடிப்பு பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். கும்மியின் கிடாவை அரைப் புள்ளியில் முந்திவிடுகிறது அண்ணன் கிட்டியின் கிடா. நாற்பது வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அடுத்தடுத்த வீடு, ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சீட்டு எழுதி நாயிடம் கொடுத்து அனுப்புவார்கள். அப்படிப்பட்ட அண்ணனிடம் தோற்ற பிறகு, யாரும் கவனிக்காதபோது கும்மி ஜெயித்த கிடாவைத் தடவிப் பார்க்கிறார். விரல்கள் தோலுக்குள் எதையோ தேடுகின்றன. நோய் இருக்குமோ என்ற பயமா, இருந்தால் தேவலை என்ற பொறாமையா? அவர் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. படம் முழுக்க எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கே: சிரிப்பு நடிகரை இவ்வளவு கனமான வேடத்தில் போட இயக்குநருக்கு எப்படித் துணிச்சல் வந்தது?
(வாசகர், திருநெல்வேலி)

ப: இயக்குநர் க்ரீமுர் ஹாகோனார்சன் தெரிந்துதான் செய்திருக்கிறார். 1989இல் ஐஸ்லாந்து அரசுத் தொலைக்காட்சியில் 'ஸ்போய்க்ஸ்டோவன்' என்ற நையாண்டி நிகழ்ச்சி ஆரம்பித்தது. அரசியல்வாதி முதல் அக்கம்பக்கத்துக்காரர் வரை எல்லோரையும் கிண்டல் செய்யும் நிகழ்ச்சி. சிகுர்துர் அந்தக் குழுவின் தூண்களில் ஒருவர். அதில் அவர் செய்த ரக்னார் ரெய்க்காஸ் என்ற பாத்திரம் ரொம்பப் பிரபலம். பேட்டி எடுப்பவர் ஒரு கேள்வி கேட்பார். ரக்னார் ஆவேசமாக ஒரு கட்சியைப் பேச ஆரம்பித்து, பேசப் பேசவே நழுவி, முடிக்கும்போது நேர் எதிர்க் கட்சியில் அதே ஆவேசத்தோடு நிற்பார். தான் மாறியதே அவருக்குத் தெரியாது.

இதை நடிப்பது சுலபம் இல்லை. எந்தச் சொல்லில் மனம் திரும்புகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் முகம் காட்டிக்கொடுக்கக் கூடாது. வாரா வாரம் அந்தக் கணக்கைப் பழகியவர் அவர். 'ராம்ஸ்' படத்தில் வசனம் மிகக் குறைவு. கும்மி என்ன முடிவு எடுத்தார் என்பதை ஒரு நிற்றலில், ஒரு திரும்பலில் சொல்லியாக வேண்டும். போதையில் பனியில் விறைத்துக் கிடக்கும் அண்ணனை மண் அள்ளும் வண்டியின் வாளியில் தூக்கிப்போட்டு ஊருக்குக் கொண்டுபோய், ஆஸ்பத்திரி வாசலில் கொட்டிவிட்டுத் திரும்புகிறாரே, ஞாபகம் இருக்கிறதா? சிரிப்பும் வருகிறது, நெஞ்சும் அடைக்கிறது. பேச்சே இல்லை. சிரிப்பு நடிகராக இருந்ததனால்தான் அதை அவரால் செய்ய முடிந்தது. அறுபது வயதில் திடீரென்று நல்ல நடிகர் ஆகிவிட்டார் என்கிற மாதிரி வெளிநாட்டு விமர்சகர்கள் சிலர் எழுதியதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கே: அதற்கு முன்னால் அவர் கனமான வேடமே செய்ததில்லையா?
(வாசகர், சேலம்)

ப: செய்திருக்கிறார். ஆரம்பமே அதுதான். 1979இல்தான் ஐஸ்லாந்தின் திரைப்பட நிதியம் முதல் முறையாகப் பணம் கொடுத்தது. அதில் உருவாகி 1980 ஜனவரியில் வெளிவந்த படம் 'நிலமும் மைந்தர்களும்'. இயக்கியவர் ஆகுஸ்ட் குட்முண்ட்சன். இந்திரிதி தோர்ஸ்டெய்ன்சன் எழுதிய நாவலின் படமாக்கம் அது. (துப்பறியும் நாவல்களால் உலகமெல்லாம் அறியப்பட்ட அர்னால்துர், இந்த இந்திரிதியின் மகன்.) அந்த நாட்டு சினிமாவின் வசந்தம் இந்தப் படத்திலிருந்து தொடங்கியதாகவே சொல்வார்கள்.

நாயகன் எய்னாராக நடித்தவர் நம்ம சிகுர்துர். 1930களின் மந்தகாலம், வடக்கே ஒரு பள்ளத்தாக்கு, கடனில் மூழ்கிய பண்ணை. அப்பா இறந்துவிடுகிறார். மகன் ஆட்டையும் நிலத்தையும் விற்றுக் கடனை அடைத்துவிட்டு ஊரைவிட்டே கிளம்ப முடிவெடுக்கிறான். இலையுதிர் காலத்தில் மலையில் மேய்ந்த ஆடுகளை ஊரே திரண்டு ஓட்டிவந்து, காது அடையாளம் பார்த்து அவரவர் பட்டியில் பிரிக்கிற காட்சி அந்தப் படத்தில் இருக்கிறது. அதற்காகவே பார்க்கலாம்.

அப்புறம் யோசித்துப் பாருங்கள். இருபத்தி நாலு வயதில் ஆட்டை விற்றுவிட்டுப் போகிற பிள்ளை, முப்பத்தைந்து வருடம் கழித்து ஆட்டை விட மாட்டேன் என்று நிற்கிற கிழவர். இரண்டும் ஒரே உடம்பு. இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு நாட்டின் கிராமம் வயதாவது கண்ணெதிரே தெரியும்.

கே: ஒரு கிடாவுக்கு நோய் என்றால் பள்ளத்தாக்கு முழுவதும் ஆடுகளைக் கொல்வார்களா? சினிமாவுக்காக மிகைப்படுத்தியதுதானே?
(வாசகி, உடுமலைப்பேட்டை)

ப: இல்லை. அந்த நோய்க்கு ஸ்க்ரேப்பி என்று பெயர். மூளையைத் தின்கிற நோய், மருந்து கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே ஐரோப்பா அறிந்தது. ஐஸ்லாந்துக்கு 1878இல் வெளியிலிருந்து கொண்டுவந்த ஒரு கிடாவோடு வந்து சேர்ந்தது. நோயைப் பரப்பும் புரதம் கொட்டிலின் மரத்திலும் மண்ணிலும் வருடக்கணக்கில் தங்கும். அதனால்தான் படத்தில் மந்தையை அழித்த பிறகும் வைக்கோல், பலகை எல்லாவற்றையும் எரிக்கச் சொல்கிறார்கள். வழிவழியாகக் காத்த ஆட்டு வம்சம் ஒரே நாளில் இல்லாமல் போகிறது. அதிகாரிகள் வருவதற்கு முன்னால் கும்மி தானே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போகிறாரே, அது ஏன் என்று இப்போது இன்னும் நன்றாகப் புரியும்.

கே: அண்ணனாக வருபவர் யார்?
(வாசகர், நாகர்கோவில்)

ப: தியோடோர் யூலியுசன். அவர் நாயகனாக நடித்த 'எரிமலை' (2011) படத்தைத் தவறவிடாதீர்கள். ஓய்வுபெற்ற முரட்டு மனிதர், பக்கவாதத்தில் விழுந்த மனைவியைப் பார்த்துக்கொள்ளும் கதை.

கே: படம் ரொம்ப மெதுவாகப் போகிறது. கேன் விருது என்பதற்காகத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டுமா?
(வாசகர், கோவை)

ப: 2015இல் கேன் விழாவின் 'அன் செர்ட்டன் ரிகார்ட்' பிரிவில் முதல் பரிசு வாங்கியது உண்மை. அதற்காக நான் சொல்லவில்லை. இதே கதையை ஆஸ்திரேலியாவில் சாம் நீலை வைத்து 2020இல் மறுபடி எடுத்தார்கள். அதில் எல்லாம் வேகமாக நடக்கிறது, பேச்சும் அதிகம். பாதிக்கு மேல் எனக்கு அந்தச் சகோதரர்கள் மேல் பிடிப்பே வரவில்லை. ஐஸ்லாந்துப் படத்தில் கும்மி ஜன்னலோரம் நின்று அண்ணன் வீட்டைப் பார்க்கிற நேரமெல்லாம் கதைதான். சரி, உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் நான் வற்புறுத்த முடியாது.

கே: சிகுர்துர் நடித்ததில் அடுத்து எதைப் பார்க்கலாம்?
(வாசகி, புதுச்சேரி)

ப: முதலில் 'மரத்தடியில்' (2017). ஒரு வீட்டு மரத்தின் நிழல் பக்கத்து வீட்டு முற்றத்தில் விழுகிறது, வெயில் வரவில்லை என்று தகராறு. வெயில் அரிதான நாட்டில் அது சின்ன விஷயம் கிடையாது. சிகுர்துர் அதில் பாட்டுக் குழுவில் பாடிக்கொண்டு ஒதுங்கி இருக்க நினைக்கிற சாதுவான கணவர். மனைவியாக எட்டா பியோர்க்வின்ஸ்டோட்டிர். அவரும் பெரிய நகைச்சுவை நடிகை. இதில் அவரைப் பார்க்கவே பயமாக இருக்கும்.

அதன் பிறகு 'கவுண்டி' (2019). மறுபடியும் ஹாகோனார்சன் படம். பால் பண்ணை நடத்தும் ஒரு பெண், ஊரையே பிடியில் வைத்திருக்கும் கூட்டுறவுச் சங்கத்தை எதிர்த்து நிற்கிறாள். சங்கத் தலைவராக வருகிறவர் சிகுர்துர். கும்மியை நேசித்துவிட்டு இந்த மனிதரைப் பார்த்தால் முதல் பத்து நிமிடம் ஏற்றுக்கொள்ளவே கஷ்டமாக இருக்கும். பொறுத்துக்கொண்டு பாருங்கள்.