1688 ஜெர்மன்டவுன் மனு: "2ஆம் மாதம்" என்பது எது?
ஏப்ரல். பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் குவேக்கர்கள் (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) எழுதிய அந்த அடிமைமுறை எதிர்ப்பு மனுவில் உள்ள "2ஆம் மாதம் 18" என்பதை பிப்ரவரி என்று எடுத்தால் காலவரிசை இடிக்கும்.

ரோமக் கடவுள்களின் பெயர் ஒட்டிய மாதங்கள் அன்றைய குவேக்கர்களுக்கு ஆகாது, எண்ணால்தான் எழுதுவார்கள். அன்றைய ஆங்கில வழக்கில் மார்ச்தான் 1ஆம் மாதம்.

சரிபார்க்க வேண்டுமா? அதே மனு பர்லிங்டனில் நடந்த குவேக்கர்களின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போனது "7ஆம் மாதம் 5". அதாவது செப்டம்பர், லத்தீனில் 'செப்டெம்' என்றால் ஏழு. (அங்கே தீர்ப்புச் சொல்லாமல் நழுவிவிட்டார்கள், அது வேறு கதை.)

1752 முதல் ஜனவரியே 1ஆம் மாதம். அதனால் 1758 பிலடெல்ஃபியா குவேக்கர் கூட்டக் குறிப்புகளுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். 1752க்கு முந்தைய 11, 12ஆம் மாத (ஜனவரி, பிப்ரவரி) தேதி என்றால், இன்றைய கணக்குக்கு மாற்றும்போது ஆண்டையும் ஒன்று கூட்ட வேண்டியிருக்கும்.