பூபதி நல்லவன்தானே?

கேள்வி: சத்யஜித் ராயின் 'சாருலதா'வைப் போன வாரம் வீட்டில் பார்த்தோம். கணவன் பூபதி குடிப்பதில்லை, அடிப்பதில்லை, பெண்டாட்டியைக் கடிந்து ஒரு சொல் சொல்வதில்லை. இருந்தும் அவள் மனம் வீட்டுக்கு வந்த கொழுந்தன் பக்கம் சாய்கிறது. தமிழில் இதே கதையை எடுத்தால் கிழித்துத் தொங்கவிடும் நீங்கள், வங்காளி எடுத்தால் காவியம் என்கிறீர்கள். ஒரு பெண் எழுத்தாளராக வேண்டுமானால் அதற்கு ஒரு கள்ளக் காதல் தேவை என்கிறாரா ராய்? கடைசியில் இருவரும் சேர்ந்தார்களா என்பதும் புரியவில்லை. என் மனைவியிடம் கேட்கலாமென்றால், படம் முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள்.
– கும்பகோணம் வாசகர் ஒருவர்

பதில்: குடிப்பதில்லை, அடிப்பதில்லை. சரி, இரண்டு பேப்பரிலும் பூபதி பாஸ். கணவன் நல்லவனா என்ற பேச்சு வந்தால் நாம் திருத்துவது இந்த இரண்டு பேப்பரைத்தான். மற்ற பேப்பர்களின் கட்டை யாரும் பிரிப்பதே இல்லை. 1964இல் ராய் பிரித்தார். உங்களுக்குக் கோபம் வருவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

தமிழில் எடுத்தால் ஏன் கிழிப்பேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழில் எடுத்தால் மூன்றாவது ரீலில் பூபதியின் கையில் பாட்டிலைக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் சாரு யாரை நினைத்தாலும் தியேட்டரில் ஒருவரும் முணுமுணுக்க மாட்டார்கள். ராய் அந்தச் சலுகையை நமக்குத் தரவில்லை. பூபதியை நல்லவனாகவே வைத்துக்கொண்டு கதை சொல்கிறார்.

படத்தின் முதல் ஏழெட்டு நிமிடங்களை மறுபடி போட்டுப் பாருங்கள். வசனம் இல்லாத குறைக்கு வேறு எல்லாம் இருக்கிறது. சாரு ஒரு கைக்குட்டையில் 'பி' (B) என்ற இங்கிலீஷ் எழுத்தைப் பூத்தையலாகப் போடுகிறாள். பூபதியின் முதலெழுத்து. அலமாரியில் பங்கிம் சந்திரரின் நாவலைத் தேடி எடுக்கிறாள். வெளியே குரங்காட்டியின் உடுக்கைச் சத்தம் கேட்கிறது. கைப்பிடி வைத்த சின்ன பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடுகிறாள். குரங்காட்டி போகிறான், பல்லக்கு போகிறது, குடை பிடித்த குண்டு மனிதர் ஒருவர் போகிறார். இவ்வளவுதான் அவளுக்கு வாய்த்த கல்கத்தா. அப்போது பூபதி விரித்த புத்தகத்தோடு தாழ்வாரத்தில் வருகிறான். எட்டித் தொடும் தூரத்தில் நிற்கிற மனைவியைக் கவனிக்காமலே தாண்டிப் போகிறான். அவள் பைனாகுலரைத் தூக்கி அவன் முதுகைப் பார்க்கிறாள். தெருவில் போகிறவர்களையும் புருஷனையும் அவள் பார்ப்பது ஒரே கண்ணாடி வழியாக. புருஷனை இப்படி அந்நியனைப் போலப் பார்ப்பதா என்று யாராவது சொன்னால் அவர்களை அந்த வீட்டில் ஒரு மத்தியானம் உட்கார வைக்க வேண்டும்.

அவள் தனியாக இருக்கிறாள் என்பது பூபதிக்கு ஒரு கட்டத்தில் தெரியாமல் இல்லை. தெரிந்ததும் என்ன செய்கிறான்? ஆள் போடுகிறான். பேச்சுத் துணைக்கு மைத்துனன் மனைவி மந்தாவை வரவழைக்கிறான். சாருவுக்கு எழுத்தில் நாட்டம் இருக்கிறது, அவளுக்குத் தெரியாமல் கொஞ்சம் தூண்டிவிடு என்று, நீங்கள் சொன்ன அந்தக் கொழுந்தன் அமலிடம் ஒப்படைக்கிறான். தான் நடத்தும் பத்திரிகையின் கணக்கு வழக்கை மந்தாவின் புருஷன் உமாபதனிடம் கொடுத்தது போலத்தான் இதுவும். உமாபதன் பணத்தைச் சுருட்டிக்கொண்டு போனான். அமல் ஒன்றையும் சுருட்டவில்லை, பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாகக் கடிதம் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினான். பூபதிக்கு இரண்டும் நஷ்டம்தான். இதில் நீங்கள் சாருவை மட்டும் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

'கொழுந்தன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லோடு நம் வீட்டு அண்ணியும் சேர்ந்தே வந்துவிடுகிறாள். அண்ணி தாய்க்குச் சமம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தோட்டத்து ஊஞ்சல் காட்சியே திடுக்கிடலாக இருக்கும். வங்காளத்தில் அண்ணன் மனைவியும் கொழுந்தனும் கேலி பேசிக்கொள்ளலாம், பாட்டுப் பாடலாம், வெற்றிலை மடித்துத் தரச் சொல்லி வம்பு செய்யலாம். குடும்பமே பார்த்துச் சிரிக்கிற உறவு அது. இன்னொன்று கேளுங்கள். படத்துக்கு மூலமான தாகூரின் கதையில் அமல் பூபதிக்கு அத்தை மகன். நமக்கு அத்தை மகன் என்றால் முறையே வேறு; அங்கே அவன் தம்பி. ஆகவே நம் உறவுமுறைச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டில் சோதனை போடாதீர்கள், வழக்கு நிற்காது. எல்லாரும் அனுமதித்த ஒரு விளையாட்டு எந்த நொடியில் விளையாட்டு இல்லாமல் போகிறது என்பது சாருவுக்கே தெரியவில்லை. சாருவாக நடிக்கும் மாதவி முகர்ஜி ஊஞ்சலில் இருந்தபடி அமலைப் பார்க்கும் அந்த ஒரு பார்வையில்தான் அது அவளுக்குத் தெரிகிறது. ராய் அதற்குப் பின்னணியில் ஒரு வரிகூட விளக்கம் சொல்ல விடவில்லை.

இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். காதல்தான் சாருவை எழுத்தாளராக்கியதா?

கலைஞனுக்குத் தூண்டுதல் யார் என்று கேட்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. கவிஞர் ஆண், ஜன்னலோரம் நின்று அவரைத் தூண்டிவிடுகிறவள் பெண். இந்தப் படத்தில் நல்ல எழுத்து பெண்ணுடையது. அதனால் அவசரமாக ஓர் ஆணைத் தேடிப் பிடித்து அந்த ஜன்னலோரத்தில் நிறுத்துகிறீர்கள். அமல் எழுதுவதைக் கவனித்தீர்களா? 'அமாவாசையின் ஒளி' என்று தலைப்பு வைக்கிற ஆள் அவன். அலங்காரமும் அடுக்குமொழியுமாக ஓடும், உள்ளே ஆள் இருக்காது. அவனைப் பார்த்துச் சாருவும் முதலில் குயிலின் குரலைப் பற்றி எழுத உட்காருகிறாள். வரவில்லை. கிழித்துப் போடுகிறாள். பிறகு ஊஞ்சலில் உட்கார்ந்து, தான் பிறந்த கிராமத்தை நினைக்கிறாள். ஆறும் படகும் திருவிழாக் கூட்டமும் அவள் முகத்தின் மேலேயே மிதந்து போகின்றன. அதைத்தான் எழுதுகிறாள். பத்திரிகை ஏற்றுக்கொள்கிறது. அந்தக் கிராமத்தில் அமல் கிடையாது, ஐயா. அவன் காலடி வைத்திராத இடத்திலிருந்து எடுத்து எழுதினாள்.

அமலின் பங்கு இல்லையா? உண்டு. எழுதினால் வாசிக்க ஓர் ஆள் இருக்கிறான் என்ற நினைப்பை அவன் கொடுத்தான். அது சின்ன விஷயமில்லை. எழுத்தில் கொஞ்சமாவது கை வைத்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் கட்டுரை அச்சான பிறகு என்ன நடக்கிறது? பத்திரிகையைச் சுருட்டி அவன் தலையில் ஓர் அடி போடுகிறாள். அடுத்த நிமிடமே அவன் மார்பில் சாய்ந்து, இனி எழுதமாட்டேன் என்று அழுகிறாள். தூண்டுதல் காதலாக மாறிய இடத்தில் எழுத்து நின்றுபோகிறது. நீங்கள் சொன்னதற்கு நேர் எதிர்.

பூபதியைப் பற்றிப் பேசும்போது எனக்கு நாக்கு கொஞ்சம் தடுமாறும். அவன் பத்திரிகாசிரியன். 1880இல் லண்டனில் கிளாட்ஸ்டன் என்ற தலைவரின் கட்சி தேர்தலில் ஜெயித்ததற்குத் தன் வீட்டில் விருந்து வைக்கிறவன். ஏழு கடலுக்கு அப்பால் யார் எத்தனை இடம் பிடித்தார்கள் என்பது அத்துப்படி. பக்கத்து அறையில் ஒரு பெண் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரியாது. பத்திரிகைக்காரன் வீட்டுப் பெண் வேறொரு பத்திரிகையில் எழுதினாள் என்பதைவிடப் பெரிய கண்டனம் அந்தத் தொழிலுக்குக் கிடையாது. ஒரு வீட்டில், அங்கே ஒருவர் கவிதை எழுதுகிறார் என்பது வேறு பத்திரிகையில் வந்த பிறகுதான் அந்த வீட்டு ஆசிரியருக்குத் தெரிந்தது. எந்த வீடு என்று அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்பாதீர்கள்.

படத்தில் எல்லாரும் தாண்டிப் போகிற இடம் கடற்கரைக் காட்சி. அமல் போய்விட்டான், அச்சுக்கூடம் மூடியாகிவிட்டது. மறுபடி ஒரு பத்திரிகை தொடங்கலாம், அரசியல் இங்கிலீஷில் இருக்கட்டும், வங்காளப் பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சாருதான் யோசனை சொல்கிறாள். பூபதி சின்னப் பையன் மாதிரி துள்ளுகிறான். கல்யாணம் என்று ஒன்று அந்த இருவருக்கும் அந்த மணலில்தான் ஆரம்பமாகிறது என்பேன். வீட்டுக்குத் திரும்பினால் அமலின் கடிதம் காத்திருக்கிறது. அவள் உடைந்து அழுவதைப் பூபதி பார்த்துவிடுகிறான். வண்டியேறிப் போய்த் தெருத் தெருவாகச் சுற்றுகிறான். கண்ணைத் துடைக்கக் கையில் எடுப்பது அந்த 'பி' கைக்குட்டை.

சேர்ந்தார்களா என்று கேட்டீர்கள். கதவைத் திறந்து அவள் வா என்கிறாள். இரண்டு கைகளும் நீள்கின்றன, தொடுவதற்கு முன் படம் அப்படியே உறைந்துவிடுகிறது. விளக்கோடு வருகிற வேலைக்காரனும் உறைந்துபோகிறான். மேலே தாகூரின் கதைத் தலைப்பு விழுகிறது: 'நஷ்டநீட்', சிதைந்த கூடு. ராய் அங்கே நிறுத்தினார். 1901இல் எழுதிய தாகூர் இன்னும் கொஞ்சம் தூரம் போயிருந்தார். அந்தக் கதையில் பூபதிக்கு மைசூரில் ஒரு பத்திரிகையின் ஆசிரியர் வேலை கிடைக்கிறது. என்னையும் கூட்டிப் போ என்கிறாள் சாரு. முடியாது என்று சொல்லிவிடுகிறான். அவள் முகம் வெளுத்துப்போவதைப் பார்த்துவிட்டு, சரி, வா என்கிறான். அதற்கு அவள் வங்காளியில் சொல்வது இரண்டே சொற்கள். நம் வீட்டுப் பெண்கள் அடுக்களையிலிருந்து சொல்வார்களே, 'வேண்டாம், இருக்கட்டும்' என்று, அதேதான்.