டிரில் மெஷின் வாங்க யாருடைய விமர்சனத்தை நம்புவது?

வீட்டு வேலைக்கு டிரில் மெஷின் பார்க்கிறேன், ஒருவர் ஐந்து நட்சத்திரம் தருகிறார், இன்னொருவர் ஒன்று. யாரை நம்ப என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருவரையும் ஒதுக்கி வையுங்கள். "டெலிவரி சூப்பர்" என்று எழுதியவர் மெஷினைச் சுவரில் வைத்தே பார்த்திருக்க மாட்டார். ஆறு மாதம் ஓட்டியவர் எழுதியதைத் தேடுங்கள். பிட்டை, அதாவது துளையிடும் கம்பியை, பிடிக்கும் சக்கில் அது நழுவுகிறது, சுவிட்ச் ஒட்டிக்கொள்கிறது, மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்று கிடைப்பதில்லை என்று குறிப்பாகச் சொல்பவர்தான் பயன்படுத்தியவர்.

"சுவரில் இறங்கவே இல்லை" என்ற புகாரில் மட்டும் நிதானம் வேண்டும். செங்கல் சுவரா, கான்கிரீட்டா என்று சொல்லியிருக்கிறாரா பாருங்கள். 13 மி.மீ. சக் உள்ள சாதாரண இம்பாக்ட் டிரில் (சுழன்றுகொண்டே அதிர்ந்து துளையிடுவது) செங்கல்லில் 8 மி.மீ. துளையைச் சுலபமாகப் போடும், கான்கிரீட்டில் திணறும். அதில் பல் வெட்டிய இரண்டு தட்டுகள் உரசித்தான் அதிர்வு வருகிறது. கான்கிரீட்டுக்கு ஏற்ற ரோட்டரி ஹாமரிலோ பிஸ்டன் காற்றை அழுத்த, அந்த வேகத்தில் உள்ளே இருக்கும் சுத்தி பாய்ந்து பிட்டை அடிக்கிறது. இது தெரியாமல் நானே ஜன்னலுக்கு மேலுள்ள கான்கிரீட் லிண்டலில், சாதாரண டிரில்லோடு கர்ட்டன் ராடு மாட்டப் போய், பிட் முனை கருகியதுதான் மிச்சம். அன்று நான் விமர்சனம் எழுதியிருந்தால் ஒற்றை நட்சத்திரம்தான் போட்டிருப்பேன்!

அப்புறம், பக்கத்து மோட்டார் ரிப்பேர் கடையில் எந்த மாடலுக்கு மாற்று ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் பாகம்) கிடைக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.