கைடு ஆன பிறகு கற்க வேண்டியவை: கேள்வி பதில்

சமூக மருத்துவத் துறையில் இருபது ஆண்டுகளாக முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு வழிகாட்டி வருகிறேன். புதிதாக கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, ஆனவர்களும் ஆய்வு செய்யும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

முதல் முறையாக ஒரு மாணவிக்கு கைடு ஆகியிருக்கிறேன். எங்கே தொடங்குவது, மேடம்? (உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி)

நேரம் ஒதுக்குவதில் தொடங்குங்கள். "ஓ.பி. முடிந்ததும் பார்க்கலாம்" என்றால் அந்த ஓ.பி. முடியவே முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம், கிழமையும் மணியும் குறித்துக் கொடுத்துவிடுங்கள்.

"புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் அதற்கு ஒரே பதில் "புரிந்தது மேடம்"தான். பேசியதை நாலு வரியில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதும் அவர் எழுதியதும் எங்கே விலகுகிறதோ, அடுத்த சந்திப்பை அங்கிருந்து தொடங்கலாம்.

இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றேன். வெள்ளைப்படுதல் பற்றி வீடு வீடாகக் கேட்கும் ஆய்வு அது. கேள்வித்தாள் நான் போட்டது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பெண்கள் எல்லோரும் "இல்லை" என்றார்கள். மாணவிக்கு இரண்டாம் நாளே விஷயம் தெரிந்துவிட்டது. முந்நூறு வீடு முடிந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். "நீங்கள் போட்ட கேள்வித்தாள், எப்படி மேடம் சொல்வது?" என்றார். சொல்லலாம் என்ற தைரியத்தை நான் அவருக்குத் தந்திருக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் நான் கேட்கும் முதல் கேள்வி: "களத்தில் எது சரியாக நடக்கவில்லை?"

சாம்பிள் சைஸ், அதாவது ஆய்வில் சேர்ப்போரின் எண்ணிக்கை, எவ்வளவு வைக்கலாம்? (நால்வர் கேட்டது)

உங்கள் கல்லூரிப் புள்ளியியலாளரிடம் போங்கள். தரவு சேர்த்த பிறகு அல்ல, ஆய்வுத் திட்டம் எழுதும்போதே.

ஆய்வில் எதுவுமே செய்யாத துறைத்தலைவரின் பெயரைக் கட்டுரையில் போட வேண்டுமா? (முதுநிலை மாணவர், மதுரை)

வேண்டாம். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும் அல்லது கருத்தளவில் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். கட்டுரை முழுவதற்கும் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதைத் தரவு சேர்க்கும் முன்பே பேசி எழுதி வையுங்கள்.

இடமும் அனுமதியும் தந்தவரை மறப்பது நன்றிகெட்ட செயல் இல்லையா? (ஓய்வுபெற்ற பேராசிரியர்)

ஐயா, மறக்கச் சொல்லவில்லை. கட்டுரையின் முடிவில் நன்றி சொல்லும் பகுதி இருப்பதே அதற்குத்தான். ஆனால் நாளை தரவில் பிழை என்று இதழிலிருந்து கடிதம் வந்தால், படிக்காத கட்டுரைக்கு அவர் எப்படிப் பதில் சொல்வார்?

எழுதுவது எளிது மேடம். ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவது துறைத்தலைவர்தானே? (மதுரை மாணவர், மறுபடியும்)

உங்கள் பயம் நியாயமானது. இந்தச் சண்டையை மாணவர் தனியாகப் போடக் கூடாது. துறைத்தலைவரிடம் போய்ப் பேச வேண்டியது கைடு. மாணவருக்கு முன்னால் நின்று அந்தச் சங்கடத்தைத் தாங்குவதும் வழிகாட்டுதல்தான். கைடுகளே, இதைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

வெளிநாட்டுக் கூட்டு ஆய்வுகளிலும் இதே கதைதானே? (ஆய்வாளர், வேலூர்)

ஆமாம். ரத்த மாதிரி இங்கே, ஆசிரியர் வரிசையில் பெருமைக்குரிய முதல் இடமும் கடைசி இடமும் அங்கே. 2022இல் கேப்டவுனில் கூடிய ஆய்வு நேர்மை மாநாட்டிலிருந்து இதைக் குறித்தே ஒரு பிரகடனம் பிறந்தது. உள்ளூர் ஆய்வாளர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே நியாயமான பங்கு வேண்டும் என்பது அதன் சாரம்.

வெளியார் வந்தாலே கெடுதல் என்றும் சொல்ல மாட்டேன். 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியபோது மருத்துவர் வேலஸ் ஃபாக்ஸ் பிரிட்டனிலிருந்து வந்து தலைமை ஏற்றார். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி சென்னையின் கேள்வி: ஏழை நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியுமா? முடியும், காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் சானடோரியத்துக்கு இணையாகவே முடியும் என்று 1959இல் முடிவு வெளிவந்தது. அந்த மையம்தான் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. கூட்டு ஆய்வு முடிந்த பிறகு இங்கே என்ன மிஞ்சும் என்று கேளுங்கள். பெயர் வரிசையையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடுவதாக ஒரு இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பணம் கட்டலாமா?

இதே கேள்வி மூன்றாவது முறை வருகிறது. கட்டாதீர்கள். ஒரு வாரத்தில் யாரும் ஒழுங்காக மதிப்பாய்வு செய்ய முடியாது.

ஆய்விதழ்களைப் படிக்க வசதியில்லை.

அரசுக் கல்லூரி என்றால் ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டும், 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தைப் பற்றி உங்கள் நூலகரிடம் கேளுங்கள். தனியார் கல்லூரி என்றால் பப்மெட் சென்ட்ரல் என்ற இலவச இணையக் காப்பகத்தில் தேடுங்கள். அங்கும் கிடைக்காவிட்டால் கட்டுரையாளருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். பலர் மகிழ்ச்சியாக அனுப்பி வைப்பார்கள்.

எங்கள் மாவட்ட மருத்துவமனையில் வழிகாட்ட யாருமே இல்லை. (செவிலியர்)

ஆதர்எய்ட் (AuthorAID) என்ற இணைய அமைப்பு, குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் ஆய்வாளர்களை அனுபவமுள்ளவர்களோடு இலவசமாக இணைக்கிறது. சேர்ந்ததும் "எனக்கு உதவுங்கள்" என்று பொதுவாக எழுதாதீர்கள். "என் ஆய்வுக் கேள்வியைச் செம்மைப்படுத்த இரண்டு மாதம் உதவி வேண்டும்" என்று திட்டமாகக் கேளுங்கள்.

ஆய்வு முடிந்துவிட்டது, பெயர் வரிசை பற்றி இன்னும் பேசவில்லை. இப்போது என்ன செய்வது?

கட்டுரையின் முதல் வரியை எழுதும் முன், இன்றே, எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். முடிவானதைத் தேதி போட்டு எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.