ஒவ்வொரு ரீசார்ஜிலும் ஒரு ரூபாய் பிடித்து 112, 108 போன்ற அவசர அழைப்புச் சேவைகளை மேம்படுத்தலாமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவை உதாரணம் காட்டியிருக்கிறார். அங்கே போன் பில்லிலேயே 911 என்ற அவசர எண்ணுக்கு என்று தனிக் கட்டணம் பிடிக்கிறார்கள், இங்கும் ரீசார்ஜில் ஒரு ரூபாய் பிடித்தால் என்ன என்கிறார்.

நான் கடலூர் - புதுச்சேரி சாலையில், ரெட்டிச்சாவடியில் பதினோரு வருடமாக மொபைல் கடை வைத்திருக்கிறேன். அந்த ஒரு ரூபாயை வாங்கப்போகிற கை என்னுடையதுதான். ஜனங்கள் கொடுப்பார்கள், அதில் சந்தேகமே இல்லை. 2024 ஜூலையில் பிளான் விலை எல்லாம் ஏறியபோது இரண்டு நாள் என்னைத் திட்டினார்கள், மூன்றாம் நாள் கட்டிவிட்டார்கள். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காரணம், ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். 199 ரூபாய் ரீசார்ஜ் என்று வைத்துக்கொள்வோம். அதில் முப்பது ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஜிஎஸ்டி. மீதியில் கம்பெனியின் கணக்குக்குப் போகும் வருமானத்திலிருந்து 5 சதவீதம் 'யுஎஸ்ஓ' நிதி என்று மத்திய அரசுக்குப் போகிறது. 2002-லிருந்து நடக்கிறது. கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பு கொண்டுபோவதற்கான நிதி அது. 2023-ல் வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றினார்கள். ஆக, ஒவ்வொரு 199-லும் ஏழெட்டு ரூபாய் அந்த உண்டியலில் விழுகிறது. ஆபத்தில் இருக்கிறவனின் போனை எடுத்துப் பேசுவதும் கிராமத் தொலைத்தொடர்பில் சேர்த்திதானே? புது உண்டியல் எதற்கு?

அப்புறம் அமெரிக்கக் கதையின் மறுபாதி. 911 கட்டணத்தை வாங்கிய சில மாநிலங்கள் அதைப் பொதுக் கணக்கில் போட்டு வேறு செலவு செய்துவிட்டன. 2008-ல் வந்த ஒரு சட்டப்படி, எந்த மாநிலம் எவ்வளவு வேறு செலவுக்குத் திருப்பிவிட்டது என்று அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையம் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டியிருக்கிறது. அங்கேயே அப்படி என்றால் இங்கே கேட்கவே வேண்டாம்.

சரி, பணமே தேவையில்லையா என்றால், தேவை. எதற்குத் தேவை என்பதில்தான் எனக்கு வேறு கருத்து. அதற்கு எங்கள் ஊர் எல்லையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் கடைக்கு வடக்கே கொஞ்சம் போனால் முள்ளோடை. அங்கிருந்து புதுச்சேரி. ரோடு ஒன்று, அரசு இரண்டு. நாம் 112 அடித்தால் போன் நேராக ஓர் ஊரைத் தேடிப் போவதில்லை. எந்த டவரைப் பிடித்திருக்கிறதோ, அந்த டவர் எந்தக் கட்டுப்பாட்டு அறையின் கணக்கில் இருக்கிறதோ அங்கே போகும். டவருக்கு எல்லைக்கோடு தெரியுமா? என் கடைக்குள் நின்றால் ஒரு டவர், வாசலுக்கு வந்தால் இன்னொன்று. தெற்கே நிற்கிறவன் வடக்கத்தி டவரைப் பிடித்தால் அழைப்பு புதுச்சேரியில் அடிக்கும். தமிழ்நாட்டு டவரைப் பிடித்தால் சென்னையில் அடிக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மார்கழி ராத்திரி, பத்தரை மணி இருக்கும். கடை சாத்திக்கொண்டிருந்தேன். கொத்தனார் வேலை முடிந்து வந்த ஒருவர் ரோட்டில் படுத்திருந்த மாட்டின் மேல் பைக்கை விட்டுவிட்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. நான்தான் போன் செய்தேன். எந்த எண், எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். எடுத்த பெண் நல்லபடியாகத்தான் பேசினார். எந்த மாவட்டம், எந்த தாலுகா, பக்கத்தில் என்ன அடையாளம் என்று வரிசையாகக் கேட்டார். "கடலூர் மாவட்டம்" என்றதும், "சார், உங்க கால் இங்க வந்துடுச்சு, அந்தப் பக்கத்துக்கு மாத்துறேன்" என்றார். மாற்றியதில் லைன் போய்விட்டது. மறுபடி அடித்தேன், மறுபடி அதே அறை, வேறு ஆள். முதலிலிருந்து கதை. அடுத்ததில் சரியான அறை கிடைத்தது. நான் 'பெரிய காட்டுப்பாளையம் தாண்டி' என்றேன். அவருக்குக் காட்டுக்குப்பம் என்று கேட்டிருக்கிறது. அது புதுச்சேரி பக்கத்து ஊர். எங்கோ தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவரைக் குறை சொல்ல முடியாது, உள்ளூர் ஆளுக்கே குழம்பும். கடைசியில் காய்கறி இறக்கிவிட்டு வந்த டாடா ஏஸில் ஏற்றி மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதற்குள் இருபத்தைந்து நிமிடம். அடிபட்ட அந்தக் கொத்தனார் அண்ணன் இன்று காலில் பிளேட்டோடு நடமாடுகிறார்.

இதில் எந்த இடத்தில் புது மெஷின் இருந்தால் உதவியிருக்கும்? ஓர் அறையில் பதிவு செய்த விவரம் அப்படியே அடுத்த அறையின் திரையில் விழுந்திருக்க வேண்டும். ஊர்ப்பெயர், கோவில், பஸ் ஸ்டாப், வழக்குப் பெயர் எல்லாம் உள்ள ஒரு பட்டியல் இரு அறைகளிலும் இருந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலை வருடா வருடம் திருத்த ஓர் ஆள் வேண்டும்.

அங்கேதான் நிதி மாட்டிக்கொள்கிறது. நம் ஊரில் வாங்குவதற்குப் பணம் கிடைக்கும், நடத்துவதற்குக் கிடைக்காது. 112-க்கான கட்டமைப்பு, பெண்கள் பாதுகாப்புக்கென்று மத்திய அரசு வைத்த நிர்பயா நிதியிலிருந்து வந்தது, மொத்தத் திட்டம் 321.69 கோடி ரூபாய். தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டிலும் 2019 பிப்ரவரியில் தொடங்கினார்கள். அது நல்ல விஷயம்தான். எம்.பி. தொகுதி நிதியில் ஆம்புலன்ஸ் வாங்கலாம், ரிப்பன் வெட்டலாம். ஆனால் அந்த நிதியில் டீசலோ சம்பளமோ தர விதி இடம் கொடுக்காது. போன் எடுக்கும் ஒரு நாற்காலியை 24 மணி நேரமும் நிரப்ப எத்தனை பேர் தேவை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று ஷிப்ட், வார விடுப்பு, காய்ச்சல், கல்யாணம் எல்லாம் சேர்த்தால் நாலைந்து பேர். ஒரு நாற்காலிக்கு! கம்ப்யூட்டர் விலை ஒருமுறை. இவர்கள் சம்பளம் மாதா மாதம்.

புதுச்சேரிக்கு இதில் கூடுதல் சங்கடம். மாநிலம் இல்லை, யூனியன் பிரதேசம் என்பதால், மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரித்துத் தரச் சொல்லும் நிதிக்குழுவின் பங்கீட்டில் அதற்கு இடமில்லை, மத்திய உள்துறை தரும் மானியத்தை நம்ப வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு பக்கம் நிதிக்குழு, ஒரு பக்கம் உள்துறை என்றால் கோப்பு எந்த மேஜையில் முதலில் தொடங்கும்?

இன்னொன்று, டவர். 2024 நவம்பர் 30 பெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இரண்டு நாள் கழித்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஆல்பேட்டை, குண்டு உப்பலவாடிப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. கரண்ட் போனால் டவர் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும், அப்புறம் ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக ரோடு வேண்டும். அன்று என் கடைக்கு வந்தவர்கள் கேட்டது ரீசார்ஜ் இல்லை, 'போனை மட்டும் சார்ஜ் போட்டுக் கொடுங்க' என்பதுதான். 2011 தானே புயலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கட்டுப்பாட்டு அறையில் எத்தனை கோடிக்குத் திரை வைத்தாலும் இந்தப் பக்கம் சிக்னல் இல்லை என்றால் அங்கே மணி அடிக்காது. அதனால் ஆற்றோர, கடலோர டவர்களுக்குக் கூடுதல் பேட்டரி என்பதையும் அவசர அழைப்புச் செலவிலேயே எழுத வேண்டும் என்பேன்.

ஆகவே ஒரு ரூபாய்க்கு என் ஓட்டு இல்லை. இருக்கும் 5 சதவீதத்திலிருந்து ஆள் சம்பளத்துக்கும், ஊர்ப் பட்டியலுக்கும், எல்லை தாண்டி அழைப்பை மாற்றுவதற்கும், டவர் பேட்டரிக்கும் என்று பிரித்து எழுதிக் கொடுத்தால் என் ஓட்டு உண்டு.

அந்த மார்கழிக்குப் பிறகு நான் செய்தது ஒன்றே ஒன்று. என் கடை ஷட்டரில் 'ரெட்டிச்சாவடி, கடலூர் வட்டம், கடலூர் மாவட்டம், தமிழ்நாடு' என்று எழுதி வைத்தேன். ராத்திரி ஷட்டர் இறங்கியிருக்கும்போதுதான் அது கண்ணில் படும், விபத்தும் அப்போதுதான் நடக்கிறது. பெயிண்டர் 600 ரூபாய் வாங்கினார். கடைப் பெயரைப் பெரிதாகப் போடட்டுமா என்று கேட்டார். 'தமிழ்நாடு' என்பதைப் பெரிதாகப் போடச் சொன்னேன்.