கொழுந்தனார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுங்கள்

கேள்வி: 1998-ஆம் ஆண்டு குலதெய்வக் கோயிலில் என் கணவர் எனக்குத் தாலி கட்டினார். படம் எடுக்கவில்லை; பதிவும் செய்யவில்லை. உடனிருந்த பெரியவர்கள் இருவரும் காலமாகிவிட்டனர். இருபத்தாறு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தோம், குழந்தை இல்லை. சென்ற ஆண்டு அவர் மாரடைப்பில் இறந்தார். அவர் சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடும் வங்கியில் கொஞ்சம் பணமும் இருக்கின்றன. மாமனார், மாமியார் உயிருடன் இல்லை. "நீ மனைவியே இல்லை, வீட்டைக் காலி செய்" என்கிறார் கொழுந்தனார். தகராறு இருப்பதால் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லி, என் வாரிசுச் சான்று மனுவை வட்டாட்சியர் திருப்பிவிட்டார். திருமணச் சான்றிதழ் இல்லாமல் நான் எப்படி நிரூபிப்பேன்?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, பதிவு செய்யாததாலேயே ஒரு திருமணம் செல்லாமல் போய்விடாது என்று 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமே கூறுகிறது. தமிழ்நாட்டில் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009-இல்தான் வந்தது. கொழுந்தனார் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. மனைவி முதல் வகுப்பு வாரிசு. உடன்பிறந்தவர் இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலே இரண்டாம் வகுப்பாருக்கு எதுவும் இல்லை. ஆகவே, நீங்கள் மனைவி என்று தீர்ப்பானால் சொத்து முழுவதும் உங்களுக்கு. இல்லையென்றால் ஒரு செங்கல்கூட உங்களுக்கு இல்லை.

ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக நெடுங்காலம் வாழ்ந்திருந்தால், மாறாகத் தெளிவாக நிரூபிக்கப்படாதவரை, அவர்கள் முறைப்படி மணந்தவர்கள் என்றே அனுமானிக்க வேண்டும் என்று, இலங்கையிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் 1927-இலேயே பிரிவி கவுன்சில் (ஆங்கிலேயர் காலத்தில் லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றம்) கூறியது. 1978-இல், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த தம்பதியரைப் பற்றிய வழக்கில், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இடம்பெற்ற உச்ச நீதிமன்ற அமர்வு அதையே உறுதி செய்தது. அந்த உறவை மறுப்பவர் மீதுதான் நிரூபிக்கும் பெருஞ்சுமை விழும் என்றது. இந்த அனுமானத்துக்கான இடம் பழைய சாட்சியச் சட்டத்தின் 114-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் அது 119-ஆம் பிரிவு. ஆனால் இந்த அனுமானம் தானாக வந்து நிற்காது. நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ்ந்ததையும், ஊரும் உறவும் உங்களைத் தம்பதியாகவே நடத்தியதையும் முதலில் நீங்கள் காட்ட வேண்டும்.

அதற்கு உங்கள் கணவர் உயிருடன் இருந்தபோது, இந்தத் தகராறு யார் மனதிலும் தோன்றுமுன் உருவான காகிதங்களே வலுவானவை. ரேஷன் அட்டையில் உறவுமுறை எழுதிய இடம், பழைய வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயருக்குக் கீழே உள்ள 'கணவர் பெயர்', அவரை மருத்துவமனையில் சேர்த்தபோது 'மனைவி' என்று நீங்கள் கையெழுத்திட்ட படிவம் ஆகியவற்றைத் திரட்டுங்கள். அவர் இறந்த பிறகு திருத்திய ஆதார் அட்டைக்கு அந்த மதிப்புக் கிடைக்காது.

கொழுந்தனார் தம் மகளுக்கோ மகனுக்கோ திருமணம் நடத்தியிருந்தால், அந்தப் பத்திரிகையை எப்பாடுபட்டாவது தேடி எடுங்கள். 'பெரியப்பா – பெரியம்மா' என்று உங்கள் இருவர் பெயரும் அதில் அச்சாகியிருந்தால், இன்று உங்களை மனைவி அல்ல என்பவரே அன்று ஊருக்கெல்லாம் அறிவித்த சாட்சியம் அது. உறவினர்கள் தங்கள் நடத்தையால் வெளிப்படுத்திய கருத்தை அந்தப் புதிய சாட்சியச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு ஏற்கிறது. உறவினர் வீட்டு மொய் நோட்டில் உங்கள் இருவர் பெயரும் சேர்ந்து எழுதப்பட்டிருந்தால் அதுவும் உதவும்.

நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் வழக்குரையில், கோயிலில் தாலி கட்டியதையும் நீண்டகாலம் சேர்ந்து வாழ்ந்ததையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். முதலாவதற்குச் சாட்சி கிடைக்காமல் போனாலும் இரண்டாவது தனித்து நிற்கும். தயவுசெய்து புதிதாகச் சாட்சியையோ கோயில் ரசீதையோ உருவாக்க வேண்டாம். அந்த ஒரு பொய் உங்கள் இருபத்தாறு ஆண்டு உண்மையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்டே ஆக வேண்டும். அவருக்கு முன்பே வேறொரு திருமணம் நடந்திருந்ததா? 1998-இல் முதல் மனைவி உயிருடன் இருந்து, அந்தத் திருமணம் சட்டப்படி முறியாமலும் இருந்திருந்தால், எத்தனை ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் இந்த அனுமானம் உதவாது. 'பஞ்சாயத்தில் அத்துவிட்டாச்சு' என்பது, அந்தச் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் உண்டென்று நிரூபித்தால் மட்டுமே எடுபடும். உங்களுக்கும் அப்படி ஒரு முன்திருமணம் இருந்திருந்தால் இதே நிலைதான். எதையும் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள்.

நீங்கள் அவருடைய மனைவியும் வாரிசும் ஆவீர்கள் என்று அறிவிக்கக் கோரும் விளம்புகை வழக்கைத் தொடுங்கள். உங்களை வெளியேற்றாமலும் வீட்டை விற்காமலும் இருக்க அதிலேயே உறுத்துக்கட்டளையும் (தடையாணை) கேளுங்கள். உரிமை முதன்முதலில் மறுக்கப்பட்டதிலிருந்து மூன்றாண்டுகளே காலவரம்பு என்பதால் தள்ளிப்போடாதீர்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். அதுவரை அந்த வீட்டிலேயே இருங்கள். சமாதானம் பேச வருபவர்கள் நீட்டும் எந்தக் காகிதத்திலும், வழக்கறிஞர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.