கோட் அனுப்பியும் கொமிட்டர் ஆக்கவில்லை

கேள்வி: என் ஊர் களுவாஞ்சிகுடி. கணினிப் படிப்பை முடித்துவிட்டு, அப்பாச்சி என்ற மென்பொருள் அமைப்பின் ஓப்பன் சோர்ஸ் (யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய) திட்டம் ஒன்றுக்கு ஒன்றரை வருடமாக வீட்டில் இருந்தே கோட் அனுப்புகிறேன். முப்பதுக்கு மேல் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் எனக்குப் பிறகு வந்த ஒருவரைக் கொமிட்டர், அதாவது கோடை நேரடியாகச் சேர்க்கும் உரிமை உள்ளவர், ஆக்கிவிட்டார்கள், அவர் அனுப்பியது என்னுடையதில் பாதிகூட இல்லை. என் ஆங்கிலம் சுமார் என்பதாலா, ஊர் பேர் தெரியாதவன் என்பதாலா? நானே கேட்கலாமா? எனக்காகத் திட்டக்காரர்களுக்கு எழுத நண்பர்கள் மூன்று பேர் தயாராக இருக்கிறார்கள். அப்பாவோ இதை விட்டுவிட்டு அரச பரீட்சைக்குப் படி என்கிறார்.

பதில்: தம்பி, முதலில் அந்த மூன்று பேரையும் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சின்ன மென்பொருளுக்குள், இரகசியமாக நுழைவதற்கான பின்கதவு வைத்திருந்தது பிடிபட்டதே, கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஆள் இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் முன்பின் தெரியாத கணக்குகள் சில வந்து, ஏற்கெனவே களைத்துப்போயிருந்த பழைய பராமரிப்பாளரை, வேலை மெதுவாகப் போகிறது, இன்னொருவரைச் சேர்த்துக்கொள் என்று நச்சரித்தன. அப்படித்தான் அந்த ஆள் கையில் உரிமை போனது. பொஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் கொமிட்டரான ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், வேறொரு கணினிக்குள் நுழைகிற எஸ்எஸ்எச் லொகின் ஏன் அரைச் செக்கன் பிந்துகிறது என்று கிண்டிப் பார்த்ததால்தான் விஷயம் வெளியில் வந்தது. இதற்குப் பிறகு, யாரென்றே தெரியாத மூன்று பேர் வந்து இவரைச் சேருங்கள் என்று எழுதினால் அந்தத் திட்டக்காரர்கள் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

சரி, அப்பாச்சியில் ஆள் எடுப்பது எப்படி என்று பார்ப்போம். நம்ம பக்கத்துக் கோயில்களில் நிர்வாகியான வண்ணக்கரைக் குடி என்கிற குலமுறைப்படி தெரிவு செய்வார்கள் அல்லவா, அங்கே குடியும் இல்லை, கொம்பனியும் இல்லை, ஆளைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் நாளைக்கே வேலை மாறினாலும் கொமிட்டர் பதவி உங்களோடுதான் வரும். திட்டத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிற ஒருவர் உங்கள் பெயரைப் பிரேரிக்க வேண்டும். அந்தக் குழு தனக்குள்ளேயே கதைத்து வாக்கெடுக்கும், வழக்கமாகக் குறைந்தது 72 மணித்தியாலம் திறந்து வைப்பார்கள், பெரும்பாலான திட்டங்களில் மூன்று ஆதரவு வாக்காவது விழ வேண்டும். வெளியில் ஒன்றும் தெரியவராது. வாக்கெடுப்பு முடிந்த பிறகுதான் உங்களுக்கே மடல் வரும், விருப்பமில்லை என்றால் மாட்டேன் என்றும் சொல்லலாம். ஆகவே சத்தம் இல்லை என்பதற்காக உங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்துக் குமைய வேண்டாம். உங்கள் பெயரை யாரும் இன்னும் எடுக்காமல் இருக்கலாம், எடுத்து, கொஞ்சம் பொறுப்போம் என்றும் விட்டிருக்கலாம்.

ஏன் பொறுத்தார்கள் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். முப்பது அனுப்பினேன் என்று எழுதியிருக்கிறீர்கள், மற்றவர் அனுப்பிய ஒன்றையாவது பார்த்துக் கருத்துச் சொன்னேன் என்று ஓர் இடத்திலும் இல்லை. கொமிட்டர் என்றால் மற்றவர் கோடை உள்ளே விடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிற ஆள், தம்பி. நீங்கள் எவ்வளவு எழுதுவீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். எதை வேண்டாம் என்பீர்கள் என்று தெரியாதே.

ஒரு உதாரணம் சொல்கிறேன். யாரோ புதியவர், விண்டோஸில் பில்ட் (கோடை ஓடக்கூடிய மென்பொருளாக்குவது) ஓடவில்லை என்று பிழைச்செய்தியை ஒட்டிவிட்டுக் காத்திருக்கிறார். நாலு நாளாகப் பதில் இல்லை. அதே இடத்தில் நீங்களும் ஒரு தடவை முட்டி, கோப்புப் பாதையின் பெயரில் இடைவெளி இருந்ததால் வந்த வினை என்று கண்டுபிடித்தீர்கள், ஆனால் உங்கள் மெஷினில் மட்டும் சரிசெய்துவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த இடத்தில் இரண்டு வரி எழுதியிருந்தால் முப்பத்தோராவது பேட்சை (நீங்கள் அனுப்பும் கோட் மாற்றத்தை) விட அது பேசியிருக்கும். அதேபோல ஒருவர் அனுப்பிய மாற்றத்தைத் திறந்து, வெற்றுக் கோப்பு வந்தால் இந்த லூப் என்ன செய்யும், அதற்கு டெஸ்ட் காணவில்லையே என்று கேளுங்கள். நன்றாக இருக்கிறது என்று மட்டும் போடாதீர்கள், அது யாருக்கும் உதவாது. உங்கள் மாற்றத்தால் ஏதாவது உடைந்தால் மற்றவர் சொல்வதற்கு முன் நீங்களே வந்து நில்லுங்கள். உங்களுக்குப் பின்னால் வந்தவர் இதையெல்லாம் செய்தாரா என்று அவருடைய பழைய கருத்துகளைப் போய்ப் பாருங்கள், அங்கே எல்லாம் திறந்துதான் கிடக்கிறது.

எல்லா இடத்திலும் இதே முறைதான் என்றும் இல்லை. பைதன் என்ற கணினி மொழித் திட்டத்தில், புதியவரைச் சேர்க்க, ஏற்கெனவே உள்ள கோர் டெவலப்பர்கள் (அங்கே கொமிட்டர்கள் மாதிரி) ஒரு கிழமை வாக்களிப்பார்கள், மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் உரிமை கிடைத்த பிறகும் கொஞ்சக் காலம் ஒரு வழிகாட்டியின் கண்ணுக்குக் கீழேதான். டெபியன் என்ற இன்னொரு இயங்குதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், ஆனால் உள்ளே இருக்கிற ஒருவர் உங்களுக்காகப் பரிந்துரைக்க வேண்டும், உங்கள் அடையாளத்தைக் காட்டும் டிஜிட்டல் சாவியில் டெபியன் ஆட்களின் கையொப்பமும் வேண்டும், மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதற்கு ஆள் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

கேட்கலாமா என்றால், கேட்கலாம். ஆனால் என்னைக் கொமிட்டர் ஆக்குங்கள் என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். உங்கள் பேட்சுகளை அதிகம் பார்த்த ஒருவருக்குத் தனியாக, இந்தத் திட்டத்தில் கூடுதல் பொறுப்பு எடுக்க விருப்பம், எதில் என்னைத் திருத்த வேண்டும் என்று எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆங்கிலம், ஊர் என்ற கவலையை விடுங்கள். 2003இல் தொடங்கிய லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் காலத்திலேயே அப்பாச்சியின் அக்சிஸ்2 என்ற மென்பொருள் வேலையில் நம்ம நாட்டவர் பலர் கொமிட்டர்களாக இருந்தார்கள். பிழை எங்கே என்று விளங்கும்படி எழுதினால் போதும், இலக்கணத்துக்கு அங்கே யாரும் புள்ளி போடுவதில்லை.

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கொமிட்டர் ஆனால் சம்பளம் வராது. நாளைக்கு ஒரு நேர்முகப் பரீட்சையில் திறந்து காட்ட உங்களிடம் வேலை இருக்கும், அதுதான் லாபம். பரீட்சைக்கும் விண்ணப்பம் போட்டுவிடுங்கள், கிழமையில் ஒரு மாலை நேரத்தை, மற்றவர் கோடைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் ரிவியூவுக்கு என்று ஒதுக்கினால் படிப்பு ஒன்றும் கெட்டுப்போகாது.